ஏழை விதவைக்கு ஒரு விசா

ஏற்காட்டு மலையில் யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றால் சூசைமாணிக்கத்திடம்தான் போவார்கள். முப்பத்தொரு வருடம் காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று எஸ்டேட்டில் ஒரு மாலையும், மூலையில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய இங்கிலீஷ் டைப்ரைட்டர் ஒன்றையும் கொடுத்து அனுப்பினார்கள். மாலை மறுநாளே வாடிவிட்டது. டைப்ரைட்டர் வெள்ளக்கடை கிராமத்தில் அவர் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து அடுத்த எட்டு வருடம் ஓயாமல் உழைத்தது. ஒரே ஒரு எழுத்து மட்டும் வரியை விட்டு மேலே எம்பி நிற்கும். அதை அவர் ஒரு குறையாகவே நினைத்ததில்லை.

அவருடைய மனுக்கள் எல்லாம் மூன்று பத்தி. முதல் பத்தியில் ஆள் யார் என்பது இருக்கும். இரண்டாம் பத்தியில் அந்த ஆள் படும் பாடு. மூன்றாம் பத்தி முழுக்கக் கைகூப்பல்தான். இரண்டாம் பத்தியில்தான் அவருடைய கைவண்ணம் தெரியும். மலைக்காரர் வெள்ளையனுக்கு மோட்டார் கனெக்‌ஷன் கேட்டு எழுதிய மனுவில், வெள்ளையனிடம் நிஜமாக இருந்த எட்டு மாடுகளில் ஆறு காணாமல் போயிருந்தன. கனெக்‌ஷன் வந்துவிட்டது. பொய் எழுதுகிறீர்களே என்று யாராவது கேட்டால் சூசைமாணிக்கத்துக்கு மூக்கு மேல் கோபம் வரும்.

"பொய் என்னுங்க பொய்? ஆபீசர் முன்னால போயி நிக்கிறப்ப எல்லாருமே ஏழைதானுங்க" என்பார்.

அவருடைய தங்கை அற்புதம் வாழ்ந்ததே அந்த மனுக்களால்தான் என்று சொல்லலாம். அவள் புருஷன் பாக்கியநாதன் எஸ்டேட்டில் நிழல் மரத்துக்குக் கிளை கழிக்க ஏறி, சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து செத்தபோது அவர்கள் மகள் அமலிக்கு ஆறு வயது. அப்போது சூசைமாணிக்கம் எழுதிய முதல் மனுவில் அற்புதம் 'ஆதரவற்ற ஏழை விதவை' ஆனாள். பங்குச் சாமியாரிடம் கையெழுத்து வாங்கி இணைத்தார். அமலிக்கு மிஷன் பள்ளி ஹாஸ்டலில் இலவச இடம் கிடைத்தது. அதே கடிதத்தைத் தேதி மாற்றி அடித்ததில் அற்புதத்துக்கு ஒரு பள்ளி விடுதிச் சமையல்கட்டில் வேலை கிடைத்தது. பிறகு அமலிக்கு நர்ஸ் படிப்பு. படிப்பு முடிந்ததும் அவள் பம்பாய் போனாள், அங்கிருந்து எண்பத்தொன்றில் அமெரிக்கா போனாள். இத்தனை கதவையும் திறந்தது அந்த இரண்டாம் பத்திதான். பதவிக்கு வந்த நான்கு பங்குச் சாமியார்களும் ஆளுக்கொரு தடவை அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

எண்பத்தைந்தில் அமலிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சேகர், அமெரிக்காவிலேயே வளர்ந்த, அந்த நாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழ்ப் பையன். அவனுடைய அப்பா இருதய ஆபரேஷன் செய்துகொண்டவர். விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் கல்யாணம் அங்கேதான். ஜனவரியில் கோயிலில் தேதி கிடைத்தது. அம்மா வந்து பக்கத்தில் நின்றால்தான் தாலி என்று அமலி எழுதியிருந்தாள். அப்பா இல்லாத பெண், வேறு எப்படி எழுதுவாள்?

சூசைமாணிக்கம் கோதாவில் இறங்கினார். பாஸ்போர்ட் வந்தது. மகள் அனுப்பிய அழைப்புக் கடிதம் வந்தது. போதாதென்று தாலுகா ஆபீசில் ஒரு வருமானச் சான்றிதழும் வாங்கினார். அதில் அற்புதம் நிலமில்லாதவள், வருட வருமானம் இரண்டாயிரத்து நானூறு. பங்குச் சாமியாரின் கடிதத்தை இதுவரை எழுதாத அளவுக்கு உருக்கமாக டைப் செய்தார். 'இந்த ஏழை விதவைக்கு இங்கே யாருமில்லை, எதுவுமில்லை. தங்கள் கருணை ஒன்றே துணை' என்று முடித்திருந்தார். சாமியாரே படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நவம்பரில் அண்ணனும் தங்கையும் மெட்ராஸ் போனார்கள். விசா ஆபீசில் வரிசையில் நின்று, உள்ளே போய், கண்ணாடிக் கவுண்டர் முன்னால் அற்புதத்தை நிறுத்திவிட்டு, இவர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைக்கார ஆபீசர் காகிதங்களைப் புரட்டினார். சாமியாரின் கடிதத்தை மட்டும் நிறுத்திப் படித்தார். பிறகு ஆபீசர் சொன்னதை, பக்கத்திலிருந்த தமிழ்ப் பெண் மொழிபெயர்த்தாள்.

"அம்மா, உங்களுக்கு இங்கே யாருமில்லை, எதுவுமில்லைன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. அப்ப அமெரிக்கா போனா எதுக்காகத் திரும்பி வருவீங்க?"

அற்புதம் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். ஆபீசர் முன்னால் கேள்வி வந்தால் அண்ணனைப் பார்ப்பதுதான் அவளுக்குப் பழக்கம். அண்ணன் எழுந்து நின்று கைகூப்பினார். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் விசா மறுத்ததற்கான முத்திரை விழுந்தது. அவ்வளவுதான், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

சேலம் வரைக்கும் சூசைமாணிக்கம் வெள்ளைக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தார். ஏழைகளிடம் இரக்கமில்லாதவன், கடவுள் பயம் இல்லாதவன் என்றெல்லாம் சொன்னார். சேலத்தில் மலை பஸ் ஏறியதும் பேச்சு குறைந்தது. கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பதினைந்தாவதோ பதினாறாவதோ வளைவில் அவருக்குச் சட்டென்று விஷயம் உறைத்தது. மனு எழுதியவன் நான். யாருமில்லை, எதுவுமில்லை என்று எழுதியவன் நான். அந்த ஆள் நான் எழுதியதை அப்படியே நம்பினான், அது ஒன்றுதான் அவன் செய்த தப்பு. மீதி வளைவுகளில் ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்தபடி வந்தார். தலைசுற்றல் என்று நினைத்து அற்புதம் எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தாள். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அவளை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அமலி கல்யாணத்தை மே மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்தாள். இன்னொரு தடவை தள்ள மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்க மாட்டார்கள் என்றும் எழுதியிருந்தாள். 'மாமா, இந்தத் தடவை அம்மாவுக்கு என்னென்ன இருக்கிறது என்று காட்டுங்கள்' என்று ஒரு வரி. அந்த வரி சூசைமாணிக்கத்தைச் சுருக்கென்று குத்தியது.

காட்டுவதற்கு இல்லாமல் இல்லை. அற்புதத்துக்கு வெள்ளக்கடையில் ஒன்றேகால் ஏக்கர் காபித் தோட்டம் இருந்தது. பாக்கியநாதன் உயிரோடு இருக்கும்போது வாங்கிப் போட்டது. ஆனால் பட்டா இருபத்தொரு வருடமாகச் செத்தவன் பெயரிலேயே கிடந்தது. மறதியால் அல்ல. பட்டாவை அற்புதத்தின் பெயருக்கு மாற்றினால் அவள் நிலமுள்ளவள் ஆகிவிடுவாள், இலவச இடம் போய்விடும் என்று சூசைமாணிக்கமே வேண்டுமென்று விட்டுவைத்திருந்தார். அமலி அனுப்பிய பணத்தில் கட்டிய இரண்டு அறை மெத்தை வீட்டுக்கு வரி ரசீதும் பாக்கியநாதன் பெயரில்தான் வந்துகொண்டிருந்தது. இந்த மலையில் நல்ல சொத்துக்காரராக இருந்தவர் கல்லறையில் படுத்திருந்த பாக்கியநாதன் ஒருவர்தான்.

ஜனவரியில் பட்டா மாற்றத் தாலுகா ஆபீசுக்குப் போனார். அங்கே கிளார்க் மாதப்பன் இவருக்குப் பல வருடப் பழக்கம். மனுவைப் படித்துவிட்டு உள்ளே போய் ஒரு காகிதக் கட்டை எடுத்துவந்து அவிழ்த்தார்.

"ஏனுங்க ரைட்டரய்யா, அக்டோபர்ல இந்தம்மாளுக்கு நெலமே இல்லீன்னு நீங்கதானுங்களே எழுதிக் குடுத்தீங்க? இன்னைக்கு நெலத்துக்குப் பட்டா மாத்தோணும்ங்கறீங்க. மூணு மாசத்துல பொதையலுங்களா?"

"அது அப்பங்க. இது இப்பங்க."

"நெலம் அப்ப எங்க போயிருந்துச்சுங்க?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சூசைமாணிக்கத்துக்குக் காது சிவந்துவிட்டது. மாதப்பன் கெட்டவர் இல்லை. சிரித்து முடித்ததும் வழி சொன்னார். முதலில் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதற்கு இன்னொரு வாரிசான மகள் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று அமெரிக்காவிலிருந்து நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கடிதம் போய், பதில் வர ஐந்து வாரம் ஆனது. வந்த காகிதத்தில் கையெழுத்து இருந்தது, நோட்டரி முத்திரை இல்லை. ராத்திரி டியூட்டி முடித்து அவசரமாகப் போட்டிருக்கிறாள். இன்னொரு ஐந்து வாரம் போனது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே சூசைமாணிக்கம் வாசலுக்கு வந்து நிற்பார். தபால்காரர் பாவம், தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார்.

அந்த இடைவெளியில் விடுதிக்குப் போய், அற்புதம் லீவு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு கடிதம் கேட்டார். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் உடனே எழுதிக் கொடுத்தார். நல்ல மனசு. ஆனால் 'தற்காலிகச் சமையல் உதவியாளர்' என்று எழுதியிருந்தார்.

"சிஸ்டர், பதினெட்டு வருசமா வேல செய்யறாளுங்களே, இன்னும் தற்காலிகம்ங்கறீங்க?"

"நிரந்தர லிஸ்டில் பெயர் இல்லையே, ரைட்டர். அன்றைக்கு நீங்கள்தானே ஏழை விதவை, ஏதாவது ஒரு வேலை போதும், எந்த வேலையானாலும் சரி என்று எழுதியிருந்தீர்கள்?"

எங்கே திரும்பினாலும் அவருடைய இரண்டாம் பத்தியே எதிரே வந்து நின்றது. அந்தக் காலத்தில் எழுதியது ஒவ்வொன்றையும் மலையில் யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். வேறு எந்தக் காகிதத்தைத் தேடினாலும் கரையான் அரித்துவிட்டது என்று சொல்லும் ஊரில் இது மட்டும் எப்படி மிஞ்சியது என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

பட்டா ஏப்ரல் கடைசியில் வந்தது, வீட்டு வரியும் அற்புதத்தின் பெயருக்கு மாறியது. அதன் பிறகு அற்புதத்தின் வீட்டில் உட்கார்ந்து, சொத்து விவரம் ஒன்று தயாரிக்கப் பேனாவை எடுத்தார்.

"சொல்லு அம்முணி, உனக்கு என்னென்ன இருக்குது?"

"எனக்கென்னுங்கண்ணா இருக்குது? ஒண்ணுமில்லீங்க."

"அந்தப் பேச்சு இனிமே வேண்டாம்னு எத்தன தடவ சொல்றது? மாடு எத்தன?"

"ரெண்டு. ஒண்ணு செனை."

"மொளகுக் கொடி?"

"அது கெடக்குது நாப்பது அம்பது."

"பலாமரம்?"

ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். வீடு, கரண்ட், ஆரஞ்சு மரங்கள், தையல் மிஷின், தண்ணீர் வற்றாத கிணற்றில் பாதிப் பங்கு என்று ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. எழுதி முடித்து அவளுக்குப் படித்துக் காட்டினார். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இதெல்லாம் ஆருதுங்கண்ணா?"

"உன்னுதுதான்."

"இன்னொருக்காப் படிங்க."

படித்தார். அற்புதம் எழுந்து பின்கட்டுக்குப் போய் வெகுநேரம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அவள் பேச்சில் ஏதோ மாறியிருந்தது. விடுதியில் ஒருத்தி "உனக்கென்னக்கா, அண்ணன் புண்ணியத்துல ஓடுது" என்று சொன்னதற்கு, "எந்தோட்டத்துப் புண்ணியத்துலயும் ஓடுது" என்றாளாம். சூசைமாணிக்கம் கேள்விப்பட்டார். அவருக்கு அது கொஞ்சம் வலித்தது, கொஞ்சம் பிடிக்கவும் செய்தது.

கடைசியாகப் பங்குச் சாமியாரின் கடிதம். இங்கேதான் அவருடைய கை தடுமாறியது. 'இவர் வசதியான குடும்பத்தைச் சேர்ந்தவர், சொந்த நிலமும் வீடும் உள்ளவர்' என்று அடித்துப் பார்த்தார். படித்தால் வேறு யாரோ எழுதியதைப் போல இருந்தது. கிழித்தார். கைகூப்பல் இல்லாத மூன்றாம் பத்தி அவருக்கு வரவே இல்லை. நான்கு தாள் கிழித்த பிறகு ஒரு மாதிரியாக முடித்துக்கொண்டு சாமியாரிடம் போனார். சாமியார் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சூசை, போன வருடம் இந்த அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை என்று கையெழுத்துப் போட்டேனே?"

"ஆமாங்க ஃபாதர்."

"அது பொய்யா, இது பொய்யா?"

"ரெண்டுல எதுவும் பொய்யில்லீங்க ஃபாதர். பட்டாவப் பாருங்க."

சாமியார் பட்டாவையும் வரி ரசீதையும் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். வெளியே வரும் வழியில் சூசைமாணிக்கம் கடைவீதியில் மாதப்பனைப் பார்த்தார். மாதப்பன் எல்லாக் காகிதங்களையும் வாங்கிப் பார்த்துவிட்டுச் சந்தேகமாகக் கேட்டார்.

"பழைய காயிதம் அங்கயும் இருக்குமுங்களே? நான் எடுத்த மாதிரி அவங்களும் எடுத்துட்டாங்கன்னா?"

"இது புது மனு மாதப்பா. புதுசுக்குப் புதுக் கட்டுத்தான் போடுவாங்க. அவ்ளோ பெரிய ஆபீசுல போன வருசத்த ஆரு தேடீட்டு இருக்கப் போறா?"

கவர்மென்ட் ஆபீசுகளில் நாற்பது வருடம் ஏறி இறங்கிய அனுபவம் அப்படிச் சொல்ல வைத்தது. பழைய காகிதம் தானாக எந்த மேஜைக்கும் வராது என்பது அவருக்கு வேதம். மாதப்பன் கட்டை அவிழ்த்து எடுத்ததைக்கூட அவர் தன்னை நன்றாகத் தெரிந்த ஆள் என்பதால் வந்த கோளாறு என்றுதான் எடுத்துக்கொண்டார். வேறு பங்கில் போய் வேறொரு சாமியாரிடம் கடிதம் வாங்கியிருக்கலாம். ஆனால் நம் பங்குச் சாமியார் கையெழுத்துக்கு உள்ள மதிப்பே தனி என்று விட்டுவிட்டார்.

மே பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு அதே கண்ணாடிக் கவுண்டர். ஆபீசர் வேறு, இளைஞர். மொழிபெயர்க்கும் பெண் அதே பெண். அற்புதம் அரக்குக் கரை போட்ட வெள்ளைப் புடவையில் நிமிர்ந்து நின்றாள். மகள் கல்யாணம் என்றாள். மூன்று வாரத்தில் திரும்பிவிடுவேன் என்றாள். இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டபோதும் அண்ணனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"ஊடு இருக்குதுங்க. ஒண்ணேகால் ஏக்கரா காபித் தோட்டம் இருக்குதுங்க. ரெண்டு மாடு. போன வாரந்தான் ஒண்ணு கன்னு போட்டுச்சு. பால் பீச்ச ஆள் விட்டுட்டு வந்திருக்கறனுங்க. நான் திரும்பிப் போகலீன்னா அது கத்தீட்டுக் கெடக்கும்."

மொழிபெயர்த்த பெண் சிரித்துவிட்டாள். ஆபீசரும் சிரித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த சூசைமாணிக்கம் நாற்காலி நுனிக்கு வந்தார். ஐந்து மாதமாக நாய் படாத பாடு பட்டதற்கு இதோ பலன் வந்துவிட்டது என்று நினைத்தார்.

அப்போது ஆபீசர் பின்னால் திரும்பி ஒரு கவரை எடுத்தார். போன வருடத்துக் கவர். அதற்குள்ளிருந்து ஒரு தாளை உருவி, புதுத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே சாமியாரின் கையெழுத்து. இரண்டிலும் வரிக்கு வரி அந்த ஒரே எழுத்து மேலே எம்பி நின்றது. மொழிபெயர்க்கும் பெண் எட்டிப் பார்த்தாள்.

"கூட வந்திருக்கிறவர் இங்கே வாங்க. இது ரெண்டையும் டைப் செய்தது யாரு?"

சூசைமாணிக்கம் எழுந்து போனார். "நானுங்க."

"ஒண்ணுல எதுவுமே இல்லைன்னு இருக்கு. ஒண்ணுல எல்லாம் இருக்குன்னு இருக்கு. நடுவுல ஆறு மாசம். எது நிஜம்னு சார் கேட்கிறாங்க."

வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்காகப் பேசிய மனிதர் அவர். இப்போது இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் கடிதம் பொய் என்றால், பொய் எழுதியவர்களை இவர்கள் ஏன் இனி நம்ப வேண்டும்? இரண்டாவது பொய் என்றால் கதையே முடிந்தது. அவருடைய இரண்டு கைகளும் தாமாகவே நெஞ்சுக்கு நேராகக் குவிந்தன. "கருணை கூர்ந்து..." என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார். தன் குரல் தனக்கே கேட்கக் கூசியது. நிறுத்திவிட்டார்.

"ரெண்டும் நெசந்தானுங்க" என்றாள் அற்புதம். "எம்பொண்ண வளக்கறதுக்கு ஒண்ணுமில்லீன்னு சொன்னாத்தான் குடுத்தாங்க. அதனால ஒண்ணுமில்லீன்னு சொன்னோம். இப்ப நீங்க இருக்குதுன்னு சொன்னாத்தான் குடுப்பீங்கன்னாங்க. இருக்கறதச் சொல்றோம். இதுல பொய் எங்கீங்க இருக்குது?"

அந்தப் பெண் முழுவதையும் மொழிபெயர்த்தாள். கொஞ்சமும் குறைக்காமல் சொன்னாள் என்பது இங்கிலீஷ் தெரிந்த சூசைமாணிக்கத்துக்குத் தெரிந்தது. ஆபீசர் இரண்டு தாளையும் மடித்துக் கவருக்குள் போட்டார். பிறகு இல்லை என்று தலையசைத்து, மன்னிக்க வேண்டும் என்று அவரே தமிழில் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போலும். முத்திரை மறுபடி விழுந்தது.

வெளியே எதிர்ச்சாரியில், மரத்தடியில் ஒருவர் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு விசா பாரங்கள் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சூசைமாணிக்கம் ரோட்டைத் தாண்டி நேராக அவரிடம் போனார். முகம் வெளிறியிருந்தது, வேட்டி நுனி தரையில் புரண்டது.

"மிஷின ஒரு பத்து நிமிசம் குடுங்க. மேலதிகாரிக்கு ஒரு மனுப் போடோணும்."

"ரெண்டாவது தடவையா சார்?" என்றார் அந்த ஆள், பரிதாபமாக. "ஆறு மாசம் கழிச்சு வாங்க. இப்பப் போட்டா எடுபடாது."

"இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்குது. கல்யாணமுங்க."

அவர் இடம் விட்டார். சூசைமாணிக்கம் உட்கார்ந்து தாளைச் செருகினார். பெரிய ஆபீசருக்கு என்று அடித்தார். பிறகு அந்த வார்த்தைகள் தாமாக வந்து விழுந்தன. மிகத் தாழ்மையுடன், தங்கள் மேலான, இந்த ஏழை. 'ஏழை' என்று அடித்த இடத்தில் விரல்கள் நின்றுவிட்டன. இன்னொரு தாள் செருகினார். அதிலும் அங்கேயே வந்து நின்றன. அவருக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. தாளை உருவிக் கசக்கினார்.

"என்னாலதான் அம்முணி எல்லாம் கெட்டுச்சு" என்றார். கண் கலங்கிவிட்டது. "வாய மூடீட்டுச் சும்மா இருந்திருந்தா மொதத் தடவையே போயிருப்ப. அமலி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அற்புதம் பக்கத்தில் கல்மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. அண்ணன் கசக்கிய தாளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்க எழுதலீன்னா எம்பொண்ணு அமெரிக்கா போயிருக்கவே மாட்டா. எம் பக்கத்துலயே இருந்திருப்பா" என்றாள். அது ஆறுதலா குற்றச்சாட்டா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. "போதுமுங்கண்ணா. இனி ஆருகிட்டயும் கெஞ்ச வேண்டாம். அமலிக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. நான் சொல்றேன்."

பையிலிருந்து ஏர்மெயில் தாளை எடுத்து, பேனாவைத் திறந்தார்.

"தேதிய மாத்தாத, அன்னைக்கே தாலி கட்டிக்கன்னு எழுதுங்க. அம்மா வரலீன்னு எழுதுங்க."

எழுதினார். எழுத்து கோணலாக விழுந்தது.

"முடிஞ்ச கையோட மாப்பிளையக் கூட்டீட்டு இங்க வான்னு எழுதுங்க." அற்புதம் யோசித்தாள். "ஏனுங்கண்ணா, அவரு இங்க வர்றதுக்கும் விசா வேணுமுங்களா?"

"வேணும்."

"அவர என்ன கேப்பாங்க? அங்க ஊடு இருக்குதா, தோட்டம் இருக்குதா, திரும்பிப் போவியா, இப்பிடிங்களா?"

சூசைமாணிக்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணும் கேக்க மாட்டாங்க அம்முணி. பாரத்த நெரப்பிக் குடுத்தாப் போதும்."

அற்புதம் எதிரேயிருந்த விசா ஆபீஸ் கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளேயிருந்து இன்னொரு குடும்பம் அழுதுகொண்டே வெளியே வந்தது.

"மழ முடியட்டும். காபிப் பழம் எடுக்கறப்ப வரச் சொல்லுங்க, டிசம்பர்ல" என்றாள். "நான் எங்கயும் போக மாட்டேன், ஊட்டுலதான் இருப்பேன்னு எழுதுங்க."

அவர் அப்படியே எழுதினார்.